ஆறு மணிக்குப் போகும் கரண்ட்

திருப்பூரில் கரண்ட் போனால் ஊரே திட்டும். எங்கள் ஆபீஸில் மட்டும் யாரும் திட்டமாட்டோம். 2009-ஆம் வருஷம் அது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போகிற கரண்ட் எட்டு மணிக்குத்தான் திரும்பும். எங்கள் பழைய யுபிஎஸ் ஐந்து நிமிடம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோகும். அது கத்தத் தொடங்கும்போதே நான் ஒரு காலில் செருப்பை மாட்டியிருப்பேன். ஆறே காலுக்குக் குன்னத்தூர் பஸ்.

ராயபுரத்தில் ஒரு வீட்டின் மாடியை ஆபீஸாக்கி வைத்திருந்தார் முதலாளி ஈஸ்வரமூர்த்தி. வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கும் இங்குள்ள பனியன் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். தையல் மெஷின் ஒன்றுகூட இல்லாத இடத்துக்கு ஜெனரேட்டர் எதற்கு என்று அவர் வாங்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஒன்பது வருஷம் அவரிடம் விசுவாசமாக இருந்தேன்.

என் பெயர் மருதாள். சாம்பிள் அறை என் பொறுப்பு. வருகிற சட்டைக்கெல்லாம் சீட்டுக் கட்டி அடுக்குவேன், கேட்கும்போது எடுத்துக் கொடுப்பேன், கூரியருக்குப் பொட்டலம் போடுவேன். ஆனால் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் மெர்ச்சண்டைசர் சித்ராதேவியைப் பற்றி. மெர்ச்சண்டைசர் என்றால் பெயர்தான் பெரிசு. வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலுக்கெல்லாம் பதில் போட்டு, கம்பெனிக்காரனைப் போனில் கெஞ்சி, கழுத்து அரை சென்டிமீட்டர் கூடிப்போனதற்கு முகம் தெரியாத யாரிடமோ மன்னிப்புக் கேட்கும் வேலை.

சாத்தூர்ப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, கண்ணாடி. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்றே ஒன்றுதான்: கை சும்மா இருக்காது. பிரிண்டர் நின்றால் மூடியைக் கழற்றுவாள். மோடத்தில் விளக்கு எரியவில்லையென்றால் மேஜைக்கு அடியில் புகுந்துவிடுவாள். ஒரு பொருள் ஓடவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

அவள் புருஷன் இசக்கிமுத்து ஓட்டப்பிடாரத்துக்காரன். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் மெஷினில் ஆபரேட்டர். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை ஷிப்ட். வாரம் மாறி மாறி வருகிற ஷிப்ட் இல்லை, வருஷம் முழுவதும் ராத்திரிதான். பகலில் அந்த மெஷினை ஓட்டுகிறவர் பழைய ஆள், நகரமாட்டேன் என்றுவிட்டார். இசக்கிமுத்து காலை எட்டரைக்கு வீடு வந்தால் சித்ரா எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள். கரண்ட் போகாத காலத்தில் அவள் வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தால் அவன் ஏழரைக்கே போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருப்பார்கள்தான். ஆனால் வாரம் முழுக்க ராத்திரி விழித்தவன் அன்றைக்கு மரக்கட்டையாகத் தூங்குவான். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

ஆக, அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது கரண்ட் போன நேரத்தில்தான். ஆபீஸிலிருந்து ஐந்து நிமிட நடையில் அவர்கள் இருந்த காம்பவுண்டு. வரிசையாக ஏழு ரூம், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். ஆறு பத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஏழரை வரை எண்பது நிமிடம். அவன் நாலு மணிக்கே எழுந்து சமைத்து வைத்திருப்பான். கருவாடு வறுத்தால் காம்பவுண்டே சொல்லும். இருட்டில் வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மெஷின் சத்தத்திலேயே கிடந்து அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இருட்டில் அவள் பக்கத்தில் நெருங்கி, காதோரமாக வாயை வைத்துத்தான் பேச வேண்டும். இதை அவளே என்னிடம் சொல்லிவிட்டு, சொன்னதற்காகச் சிவந்துபோய்ச் சீட்டுக் கட்டும் நூலைக் கையில் எடுத்துச் சிக்கலாக்கிவிட்டாள்.

"அதாம்மா நீ கரண்ட் போனா இந்த ஓட்டம் ஓடற" என்றேன்.

"சும்மா இருங்கக்கா" என்றாள். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததை அவளே கெடுத்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. டென்மார்க்கில் குழந்தைத் துணி வாங்குகிற ஒரு அம்மாள், அன்றைக்கு வேலை முடித்து மூன்று வார லீவில் போகிறாள். நம் நேரம் ஏழரைக்குள் அவள் அளவுக்கு ஒப்புதல் தந்தால்தான் இங்கே துணி வெட்ட முடியும். ஐந்தே முக்காலுக்கு அவளிடமிருந்து மெயில்: அளவுத்தாளில் இரண்டு இடம் திருத்தி, போட்டோவோடு உடனே அனுப்பு. சித்ரா திருத்த உட்கார்ந்தாள். ஆறுக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்திவிட்டுச் செத்தது. கூடவே மோடமும்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "மூணு வாரம் போச்சுன்னா கப்பலே போச்சுங் கண்ணு" என்றார். கத்தவில்லை. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

அப்போது நிலைமை இப்படி. முதலாளியின் லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, திருத்த வேண்டிய தாளும் அதில் இருந்தது, நெட் இல்லை. மாப்பிள்ளை அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்த ஐபோனில் நெட் இருந்தது. தாளைத் திருத்த முடியாது. இரண்டும் ஒரே மேஜையில் ஒரு முழ இடைவெளியில் கிடந்தன. போனிலிருக்கும் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் வசதி அந்தப் போனுக்குப் போன மாதம்தான் புதிதாக வந்திருந்தது. ஆனால் சிம் கம்பெனி அதை நம் ஊரில் இன்னும் திறந்துவிடவில்லை. சித்ரா முந்தின வாரமே போன் செய்து கேட்டிருந்தாள். "அந்த வசதி இன்னும் வரலை மேடம், வந்ததும் எஸ்எம்எஸ் வரும்" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற எங்களிடம் இருந்ததெல்லாம் பேசவும் பாம்பு விளையாட்டு விளையாடவும் மட்டுமே ஆகிற போன்கள்.

நான் செருப்பு மாட்டிவிட்டேன். "வா கண்ணு, போலாம். நம்ம கையில என்ன இருக்குது?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பிரிண்டர் மூடியைக் கழற்றுவதற்கு முன் பார்க்கிற பார்வை.

"சார், ஒரு வழி இருக்கு. எங்கயோ வெளிநாட்டுப் பசங்க ஒரு சின்ன ஃபைல் செஞ்சு போட்டிருக்காங்க. அதைப் போன்ல போட்டா கம்பெனி திறக்காமலே திறந்துக்கும். போன் கெட்டுப்போனா என்னைத் திட்டாதீங்க."

"உங்களப் போயித் திட்டுவனுங்களா கண்ணு? பண்ணுங்க" என்றார் அவர்.

எமர்ஜென்சி விளக்கை நான்தான் பிடித்தேன். அவள் போனிலேயே ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாள். நாடு நாடாக, கம்பெனி கம்பெனியாகப் பட்டியல் போட்டிருந்தது. நம் நாட்டையும் நம் சிம் கம்பெனியையும் தேடித் தொட்டாள். போடட்டுமா என்று போன் கேட்டது. போடு என்றாள். அணைத்து மறுபடி போட்டாள். கேபிளைச் செருகினாள். ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு போனின் உச்சியில் ஒரு நீலப் பட்டை வந்து மெல்ல மினுங்கியது.

"வந்துட்டு அக்கா!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். விளக்கு கீழே விழப் பார்த்தது.

நத்தை வேகம்தான். போட்டோ ஒவ்வொன்றாக ஏறி மெயில் போய்ச் சேர ஏழு மணி ஆனது. ஏழே காலுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. முதலாளி எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். அவள் பதறிப்போய்த் தானும் கும்பிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. கதவு பூட்டியிருந்தது. உள்ளே தட்டைத் தட்டால் மூடிச் சோறு வைத்துவிட்டுப் போயிருந்தான் இசக்கிமுத்து.

மறுநாள் ஆபீஸில் மைசூர்பாகு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி, "போன் கம்பெனிக்காரனே இன்னும் பண்ணாதத எங்க சித்ரா பண்ணிப்புடுச்சுங்க" என்று சொன்னார். அவளும் பூரித்துப்போய் இருந்தாள். எனக்கு மட்டும் அன்றைக்கே அது நல்லதாகப் படவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அவள் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். முதலாளி தன் அறையிலிருந்து போனும் கேபிளுமாக வந்து நின்றார்.

"கண்ணு, ஒரே ஒரு மெயிலுங்க. உங்களுக்குச் சிரமமில்லீங்களே?"

ஒன்று ஒன்பதானது. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. அந்த வாரக் கடைசியில் லேப்டாப்புக்கு இரண்டாவது பேட்டரி வாங்கி வைத்துவிட்டார். கேபிளைச் செருகவும் தானே பழகிக்கொண்டார். கரண்ட் போவதற்கு ஐந்து நிமிடம் முன்பே செருகி, நீலப் பட்டை வந்ததா என்று பார்த்துவிட்டு, "ரெடிங் கண்ணு" என்பார். இனி நெட் வரவில்லை என்று அவள் பொய் சொல்லவும் வழியில்லை. துணியை அளந்து சொல்ல வேண்டும் என்று என்னையும் இருக்கச் சொன்னார். என் ஆறே கால் பஸ் ஏழே முக்கால் பஸ் ஆனது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கொடுமை. ஒரு நாள் கத்தியிருந்தால், ஒரு வார்த்தை தடிப்பாகப் பேசியிருந்தால், எதிர்த்து நிற்கலாம், வேலையை வீசிவிட்டுப் போகலாம். "சித்த நேரமுங்க", "முடிஞ்சா பாருங்க", "உங்களுக்குச் சரின்னாத்தானுங்க" என்று பேசுகிற மனிதரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? நானும் இந்த ஊர்க்காரிதான். எங்கள் ஆட்களின் மரியாதை பஞ்சு மூட்டை மாதிரி. குத்தினாலும் கை உள்ளே போகுமே தவிர எதுவும் நகராது.

அதற்கு மேல் இன்னொரு கட்டும் இருந்தது. இசக்கிமுத்து வேலை பார்க்கும் நிட்டிங் கம்பெனி, முதலாளியின் சிநேகிதருடையது. பகல் ஷிப்ட் வாங்கித் தரச் சொல்லி சித்ரா மே மாதமே அவரிடம் கேட்டிருந்தாள். "ஆடி கழியட்டுமுங்க, நானே ஒரு வார்த்தை சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வார்த்தை அவர் வாயில் இருக்கும்வரை அவள் முகத்தைச் சுளிக்க முடியாது. ஆடியும் கழிந்தது. "ஆவணி நெறஞ்ச மாசமுங்க, பாக்கலாம்" என்றார்.

இசக்கிமுத்து வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டான். நேரே போகாமல் சுற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாக வருவான். ஏழரைக்குக் கீழே நின்று ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அவள் பால்கனிக்கு ஓடுவாள். தெருவே இருட்டாக இருக்கும். அவன் தன் போன் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே காட்டுவான், அவள் தன்னுடையதைக் காட்டுவாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்டால் அவனுக்குக் கேட்காது. கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். அவன் தலையாட்டிவிட்டு நடப்பான். இதை ஒரு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வரும்.

ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்தவள், "அக்கா, நேத்து ஞாயித்துக்கிழமை அவரு தூங்கி எந்திச்சுச் சொல்லுதாரு, 'நமக்குக் கல்யாணம் ஆச்சுங்கறது புருஷன் பெண்டாட்டின்னு ரூம் குடுத்த வீட்டுக்காரம்மாவுக்கு ஞாபகம் இருக்கு, நமக்குத்தான் மறந்துரும் போல'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "யாரும் என்னைய அடைச்சு வைக்கலைக்கா. நானே பூட்டைச் செஞ்சு, நானே உள்ள வந்து உக்காந்துட்டேன்."

"பஸ்ஸு போயிருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பரில் வழி பிறந்தது. பேரனுக்குப் பிடித்த பாட்டை ஏற்றச் சொல்லி முதலாளி போனை அவளிடம் கொடுத்துவிட்டு அவினாசிக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் மூன்றே முக்கால் இருக்கும். அவள் சாம்பிள் அறைக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டரில் போனைச் செருகியிருந்தாள். திரையில் ஒரு பெட்டி. போனுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது.

"இதைப் போட்டா அந்த ஃபைல் வேலை செய்யாதுக்கா. அந்தப் பசங்களே எழுதியிருக்காங்க, யாரும் போட்டுராதீங்க, நெட் குடுக்கறது போயிரும், திரும்பக் கொண்டு வர முடியாதுன்னு."

"நீலப் பட்டை வராது?"

"வராது."

விரல் மவுஸின் மேல் நின்றது. எதையும் ஓடவைத்தே பழகிய கை. ஓடுகிற ஒன்றை நிறுத்த அதற்குத் தெரியவில்லை.

"அமுத்து கண்ணு" என்றேன்.

அழுத்தினாள். இறங்க ஆரம்பித்தது. பெரிய ஃபைல். நாலரைக்குப் பாதி, ஐந்துக்கு முக்கால்வாசி. அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது: போனுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போனே பிணமாகிவிடும். ஐந்தரைக்கு இறங்கி முடித்து போனில் ஏறத் தொடங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் கோட்டைப் பார்ப்போம், மேலே ஃபேனைப் பார்ப்போம், மறுபடி கோட்டைப் பார்ப்போம். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் போன் விழித்துக்கொண்டது. ஆறுக்கு ஃபேன் நின்றது. முதலாளி இன்னும் வரவில்லை. நாங்கள் படியில் இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. ஏதோ நகைக்கடையில் திருடிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் ஆறே கால் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கேபிளைச் செருகிய முதலாளி அசந்துபோனார். மறுபடி செருகினார். ஊதிப் பார்த்தார்.

"புது வெர்ஷன் போட்டேன் சார். அதுல அது நின்னு போச்சு. கம்பெனிக்காரங்க திறந்தாத்தான் இனி வரும்" என்றாள் சித்ரா. எல்லாம் நிஜம்தான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங் கண்ணு இருக்கும். பரவால்லீங், ஊட்டுக்குக் கெளம்புங்க" என்றார்.

பதினோரு நாள். எண்ணி வைத்திருக்கிறேன். பதினோரு நாளும் ஆறு மணிக்கு அவள் ஓடினாள். நாலாம் நாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். எட்டாம் நாள் ஒரு டப்பாவில் இசக்கிமுத்து வறுத்த கருவாடு எனக்கும் வந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் சதை வைத்தாற்போல் இருந்தது. மெயிலுக்கு வேண்டியதையெல்லாம் மத்தியானமே முடித்துவிடுவாள். சொல்லப்போனால் அந்தப் பதினோரு நாளில் எந்தக் கப்பலும் கவிழவில்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை, நான் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது முதலாளி சாம்பிள் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா மருதாளு, அந்தப் புள்ள ரெண்டு மாசமா மூஞ்சி வாடிக் கெடந்துச்சு. இப்ப ஒரு பத்து நாளாத் தெளிவா இருக்குது. என்ன சமாச்சாரம்?"

நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு எண்ணியிருக்கலாம். இருபத்து மூன்று, இருபத்து நாலு என்று சத்தமாக எண்ணியிருக்கலாம். ஆனால் எனக்கோ, இன்றைக்கு இவருக்குப் புரியவைத்துவிடலாம், அப்படியே அந்தப் பகல் ஷிப்டையும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வேகம்.

"ஊட்டுல இருந்தாத்தானுங்க அவளுக்குச் சந்தோசம். புருசன் ஏழரைக்குப் போயிடறானுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவன்கூட ஊட்டுல இருக்கோணும், அவ்வளவுதானுங்க பாவம்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கினாற்போல்கூட இருந்தது. "அட, இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றபடி போனார். நான் சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். சித்ராவிடமும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை அவள் மேஜையில் ஒரு கறுப்புப் பை இருந்தது. உள்ளே புது லேப்டாப். கூடவே விரல் நீளத்தில் ஒரு டேட்டா கார்டு. லேப்டாப்பில் செருகினால் எங்கிருந்தாலும் நெட் வரும். போன் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை, ஆபீஸும் தேவையில்லை.

"உங்களுக்கேதானுங் கண்ணு" என்றார் முதலாளி. முகம் முழுவதும் சிரிப்பு. "மருதாளு எல்லாஞ் சொல்லுச்சு. இனிமேல் ஆறு மணிக்கு மேல நீங்க இங்க இருக்கவே வேண்டாம். ஊட்டுக்குப் போயிருங்க. ஊட்டுல உக்காந்தே மெயில் பாத்துக்கலாம். ரெண்டு பேரும் சாயங்காலம் ஒண்ணா இருந்தாப்லயும் ஆச்சு. என்னுங்க?"

சித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சார், அவருக்குப் பகல் ஷிப்ட் கேட்டிருந்தேனே" என்றாள். அவ்வளவு மெல்லிய குரலை நான் அவளிடம் கேட்டதில்லை.

"அது இனி எதுக்குங் கண்ணு? அதான் ஊட்டுலயே இருக்கப் போறீங்களே. அந்தப் பழைய ஆளை நகத்தி அவன் வயித்தெரிச்சலை நம்ம ஏன் கொட்டிக்கோணும்?" என்று சொல்லி, பையின் வாரைத் தன் கையாலேயே எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டார்.

அவள் நன்றி சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வாள்?

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒரு குழந்தைச் சட்டையின் பட்டனைப் பார்த்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்று சாயங்காலம் அவளிடமிருந்து போன். சட்டையையும் ஆபீஸ் கேமராவையும் எடுத்துக்கொண்டு முதல்முறையாக அந்தக் காம்பவுண்டுக்குப் போனேன். ஏழு மணி. ஏழு ரூமில் ஆறு இருட்டு. குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ரூமில் மட்டும் வெள்ளை வெளிச்சம்.

வாசலில் இசக்கிமுத்து நின்றிருந்தான். பனியன், லுங்கி, ஷிப்டுக்குப் போகும் பேண்ட் தோளில். வலது கையைக் கதவு நிலைக்கு மேலே தூக்கி எதையோ பிடித்திருந்தான். டேட்டா கார்டு. அதிலிருந்து ஒரு நீள ஒயர் உள்ளே போனது.

"உள்ள டவர் கிடைக்கல அக்கா. இந்த இடத்துல, இந்த உயரத்துல பிடிச்சாத்தான் கிடைக்கு" என்றான். கை மாற்றினான். "இறக்கினா வெளிநாட்டு அம்மாவுக்கு மெயில் போகாதாம்."

உள்ளே சித்ரா தரையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு தட்டு, இரண்டும் மூடியிருந்தன. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நாலடிகூட இருக்காது. அவன் முதுகைக் காட்டி நின்றான், அவள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நான் சட்டையைக் கொடுத்தேன். "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள், நிமிராமல். பட்டனைப் போட்டோ எடுத்தாள், ஏற்றினாள், காத்திருந்தாள். பிறகு அவன் முதுகைப் பார்த்து என்னவோ சொன்னாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னது?" என்றான் அவன், கையை இறக்காமல் தலையை மட்டும் திருப்பி. அவன் திரும்புவதற்குள் அவள் சொல்லி முடித்திருந்தாள், உதட்டைப் பார்த்திருக்க முடியாது. அருகே வரலாமென்றால் கார்டு இடம் மாறும், டவர் போய்விடும்.

"ஒண்ணுமில்ல. மெயில் போயிட்டுன்னேன்" என்று சத்தமாகச் சொன்னாள்.

அவள் முதலில் சொன்னது அது இல்லை. அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழரை ஆனது. தான் இல்லாத நேரத்துக்கென்று அவன் நிலைக்கு மேலே ஒரு ஆணி அடித்து வைத்திருந்தான்; அதில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்குமாம். கார்டை அதில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே போய்ப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்தான். தன் தட்டைத் திறக்கவில்லை. "இங்கனயே கட்டியிருக்கேன், அசைச்சுராத" என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கி நடந்தான்.

அவள் எழுந்திருக்கப் போனாள். மெயில் வந்த சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள்.